வாசகர் கேள்வி பதில்: சிக்கனமாக ஹெலிகாப்டர் பறக்கவிடப் பழகுவது

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ரேடியோவால் இயக்கும் ஹெலிகாப்டரைப் பற்றியவை. ஐந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கின்றன. நானும் அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பந்துத் திடலில் இதைப் பழகியவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் படிவம் நான்கில் படிக்கிறேன். இரவுச் சந்தையில் வார இறுதி வேலை செய்து 600 வெள்ளி சேர்த்திருக்கிறேன். தலைகீழாகப் பறக்கும் ஹெலிகாப்டரைக் காணொளியில் பார்த்ததிலிருந்து அதையே வாங்க வேண்டும் என்று ஆசை. பேரங்காடியில் 60 வெள்ளிக்கு ஒன்று விற்கிறார்கள். அதில் பழகிக்கொண்டு பிறகு பெரியதற்குப் போகலாமா? – மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அந்த 60 வெள்ளிப் பொம்மையை வாங்காதீர்கள், தலைகீழாகப் பறப்பதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

பேரங்காடிப் பெட்டியின் மேலுள்ள படத்தில் வாலை மட்டும் பாருங்கள். வால் நுனியிலுள்ள சிறு விசிறி வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் அது மூன்று சேனல் பொம்மை, அதாவது மூன்று அசைவுகளை மட்டும் தனித்தனியே இயக்கக்கூடியது. அது ஏறும், இறங்கும், திரும்பும், முன்னும் பின்னும் நகரும். ஆனால் பக்கவாட்டில் சாயாது. மேலே ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு ரோட்டர்கள், அதாவது இறக்கைத் தொகுதிகள், அதைத் தாமாகவே நிலைநிறுத்திவிடுவதால், வருடக் கணக்கில் ஓட்டினாலும் உண்மையான ஹெலிகாப்டர் கேட்கும் கைப்பழக்கம் உங்களுக்கு வராது.

தலைகீழாகப் பறப்பவற்றில் ரோட்டர் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, இறக்கைகளின் கோணம் கூடியும் குறைந்தும் அதை ஏற்றி இறக்குகிறது. கோணம் எதிர்த்திசைக்குப் போனால் அது தலைகீழாகவும் நிற்கும். பழகாத கையில் அதே வசதிதான் அதை ஒரு நொடியில் தரையில் மோதவைக்கும். அப்படி ஒருமுறை விழுந்தால் இறக்கை, நடு அச்சு, இறக்கைகளைத் தாங்கும் குறுக்கு அச்சு, பெரிய பற்சக்கரம், வால் குழாய் எல்லாமே ஒன்றாகப் போய்விடக்கூடும். இந்தப் பொழுதுபோக்கில் பணம் கரைவது வாங்கும் நாளில் அன்று, விழும் நாள்களில்தான்.

ஆகவே ஒற்றை ரோட்டர், நான்கு சேனல், மாறாத இறக்கைக் கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்த சிறிய வகையை வாங்குங்கள். டபிள்யூஎல்டாய்ஸ் நிறுவனத்தின் வி911எஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம். அதன் ரோட்டரின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண்தான். எடை மிகக் குறைவு என்பதால் புல்லில் விழுந்தால் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கவிடலாம். உங்கள் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே இதற்குச் செலவாகும். மீதியில் கூடுதலாக மூன்று பேட்டரி, இரண்டு செட் இறக்கை, ஒரு வால் மோட்டார், கணினியில் பழகுவதற்கான சிமுலேட்டர் கம்பி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வால் மோட்டாரைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சிறிய வகைகளில் முதலில் தேய்ந்து போவது அதுதான். ஒரு பேட்டரி தீர்ந்தவுடன் அடுத்ததை மாட்டாமல் பத்து நிமிடம் மோட்டாரை ஆறவிட்டால் அது கணிசமான காலம் கூடுதலாக உழைக்கும்.

சிமுலேட்டரை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட் போன்றவற்றில் தினமும் இருபது நிமிடம் வீதம் மூன்று வாரம் பழகிய பிறகு பெட்டியைப் பிரியுங்கள். அங்கே நூறு முறை விழுந்தாலும் ஒரு காசு செலவில்லை.

எதைப் பழகுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடம், வால் உங்களைப் பார்த்திருக்க ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவது. கேட்பதற்கு எளிது, மற்ற எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. சுங்கை பிளஸ் ஆற்றில் சம்பான் ஓட்டியிருந்தால் உங்களுக்கு உடனே புரியும். துடுப்பை நிறுத்தினாலும் சம்பான் நிற்பதில்லை. அதை நிறுத்த எதிர்ப்பக்கம் ஒரு துடுப்புப் போட வேண்டும். ஹெலிகாப்டரும் அப்படியே. கையிலுள்ள ரேடியோக் கருவியின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் சாய்ந்து நகரும். குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே தள்ளுவது, எதிராகச் சிறிது தள்ளுவது, நடுவுக்கு வருவது என்ற மூன்றும் ஒரே அசைவாகக் கைக்குப் பழக வேண்டும். பழகாதவர் ஹெலிகாப்டர் நகர்ந்த பிறகு திருத்துவார், பெரிதாகத் திருத்துவார். அது ஊஞ்சல் போல ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஆடி விழும். அது சாயத் தொடங்கும்போதே, நகர்வதற்கு முன்பே, குச்சியை ஒரு நூல் அளவு அசைப்பதுதான் வித்தை. கண்ணை வாலில் வைக்காமல் முன்பகுதியிலும் ரோட்டர் வட்டத்தின் சாய்விலும் வையுங்கள்.

இன்னொன்று: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்திருந்தால் பத்திரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ரோட்டர் தள்ளும் காற்றே தரையில் பட்டுத் திரும்பிக் கலங்குவதால் அங்கேதான் அது அதிகமாகத் தடுமாறும். துணிந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அங்கே அது அமைதியாக நிற்கும். விழப் போகிறது என்று தெரிந்தால் காப்பாற்ற முயலாமல் ரோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டலை உடனே முழுவதும் இறக்குங்கள். நின்றுபோன இறக்கை அரிதாகவே உடையும். சுழலும் இறக்கைதான் உடையும்.

வால் உங்களைப் பார்க்க நிறுத்தப் பழகிய பிறகு இரு பக்கவாட்டிலும், கடைசியில் முகம் உங்களைப் பார்க்கவும் நிறுத்திப் பழகுங்கள். முகம் உங்களைப் பார்க்கும்போது அதன் வலம் உங்கள் இடமாகிவிடும். பலர் இங்கேதான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அதற்கு நான் கற்றுக்கொண்ட வழி: குலை தள்ளிய வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுக்கிறோம்? அதுபோல ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், அது நிமிர்ந்துகொள்ளும். வலமா இடமா என்று கணக்குப் போட நேரம் தேவைப்படாது.

இவ்வளவும் தடையின்றி வந்த பிறகு, கோணம் மாறும் வகைக்குப் போகலாம். எக்ஸ்கே கே110 போன்ற சிறியதே அதற்கும் போதும்.

கேள்வி: ட்ரோன் தானாகவே நிற்கிறது, படமும் எடுக்கிறது. அதைவிட்டு ஹெலிகாப்டருக்கு ஏன் சிரமப்பட வேண்டும்? – வாசகர், சலாக் வடக்கு

பதில்: படம் எடுக்க வேண்டுமானால் ட்ரோனையே வாங்குங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஹெலிகாப்டரை நிறுத்துவது உங்கள் கை. ட்ரோனை நிறுத்துவது அதற்குள் இருக்கும் கணினி. அந்தக் கைப்பழக்கத்தை விரும்பித்தான் நாங்கள் இதைச் செய்கிறோம்.

கேள்வி: என் மகன் பேட்டரியை இரவு முழுவதும் சோபா மேல் வைத்துச் சார்ஜ் செய்கிறான். ஒன்று உப்பியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. – ஒரு தாய், தோட்டக் குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அந்த உப்பிய பேட்டரியை இன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை மறுபடி சார்ஜ் செய்யவோ, குத்தி அமுக்கவோ கூடாது. எரியாத பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்; வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

இவை லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் வகைப் பேட்டரிகள். ஒரு செல்லின் நிறைவு 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கக்கூடும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாழாகும். ஆகவே ஹெலிகாப்டர் சோர்வு காட்டியதும் இறக்கிவிட வேண்டும். சில நாள்கள் பறக்கவிடாமல் வைப்பதாக இருந்தால் 3.8 வோல்ட் அளவில் வைப்பது நல்லது; நிறைத்து வைத்தால் அதுவே உப்பலுக்குக் காரணமாகும். சார்ஜ் செய்யும் இடம் சிமெண்ட் தரையோ ஓடு பதித்த தரையோ ஆக இருக்கட்டும். பலகைச் சுவரும் பலகைத் தரையும் உள்ள பழைய லய வீடுகளில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஆள் விழித்து அருகில் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் நடக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் பேட்டரியை விட்டுவிட்டுப் போகக்கூடாது. மகனைத் தடுக்க வேண்டாம், அம்மா; இந்த விதிகளை அவனையே ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தொழிற்சாலை நண்பரிடம் 450 அளவு ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக மலிவு விலைக்கு வாங்கிவிட்டேன். இதிலேயே பழகலாமா? வீட்டு முற்றத்தில் முயன்று பார்க்கலாமா? – வாசகர், லிந்தாங்

பதில்: முற்றத்தில் வேண்டவே வேண்டாம், ஐயா. 450 அளவின் ரோட்டர் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் அகலம். நிமிடத்துக்கு 2,500 முறை சுழலும்போது அதன் இறக்கை நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. 2013இல் நியூயார்க்கில் இதைவிடப் பெரிய ஒன்றை இயக்கிய இளைஞர் தம் ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார். உங்களிடமிருந்து பத்து மீட்டருக்குக் குறையாத தூரத்தில், வேறு எவரும் இல்லாத திடலில் மட்டுமே இதைக் கிளப்ப வேண்டும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் இறக்கிவிடுங்கள்.

கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இறக்கைகளைத் தாங்கும் குறுக்கு அச்சையும் நடு அச்சையும் கழற்றிக் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். மயிரிழை வளைவு இருந்தாலும் உருளும்போது அடியில் ஒளி தெரிந்து மறையும். அப்படித் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வளைந்த அச்சை நிமிர்த்திப் போட்டவர் எவரும் அதனால் இலாபம் அடைந்ததில்லை. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் நகத்தால் தடவிப் பாருங்கள். உலோகத்தில் உலோகம் ஏறும் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றித் துடைத்து, நீல நிறப் பூட்டுப் பசை ஒரு துளி இட்டு மாட்டுங்கள். விரிசலோ கீறலோ உள்ள இறக்கையை அலமாரிக்குக்கூடத் திருப்பி அனுப்பாமல் முறித்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்கு அதையே எடுக்கத் தோன்றும். பழைய பேட்டரிகளை நம்ப வேண்டாம்.

பிறகு அடியில் ஒரு பயிற்சிக் கால் கட்டுங்கள். நான் கட்டியதைச் சொல்கிறேன்: மெல்லிய பிரம்பு இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர், பெருக்கல் குறிபோல வைத்து, சறுக்குக் கால்களில் கம்பிப் பட்டையால் இறுக்கினேன். நான்கு நுனிகளிலும் ஆரஞ்சு நிற மேசைப்பந்துகளைத் துளையிட்டுச் செருகினேன். பந்து புல்லில் வழுக்கிப் போகுமே தவிர, ஹெலிகாப்டர் குப்புறக் கவிழாது. மங்கிய காலை வெளிச்சத்தில் அந்த ஆரஞ்சு நிறம் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1939 செப்டம்பரில் இகோர் சிகோர்ஸ்கி தம் விஎஸ்-300 ஹெலிகாப்டரை முதன்முதலாகத் தரையிலிருந்து எழுப்பியபோது அதைக் கயிறுகளால் கட்டி வைத்துத்தான் எழுப்பினார். கட்டில்லாமல் அது பறந்தது 1940 மே மாதத்தில்.

ஆயினும் என் உண்மையான ஆலோசனை, அதைச் சரிபார்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, முதல் கடிதத்துத் தம்பிக்குச் சொன்ன சிறிய வகையில் மூன்று மாதம் பழகுங்கள் என்பதே. அந்தச் செலவு 450 ஒருமுறை விழுந்தால் ஆகும் செலவைத் தாண்டாது.

கேள்வி: எந்த நேரத்தில், எங்கே பறக்கவிடுவது? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. அதற்குப் பிறகு நிலம் சூடேறிக் காற்று எழும்பும். பிற்பகலில் இடிமழைக்கு முந்திய காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் பழகிய முதல் வாரத்தில் வேலை முடிந்து மூன்று மணிக்குத் திடலுக்குப் போய், நான்கு நாளில் நான்கு செட் இறக்கைகளை உடைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் போனபோது அதே ஹெலிகாப்டர் ஒரு பேட்டரி முழுவதும் விழாமல் நின்றது.

தோட்டத்துப் பந்துத் திடல் நல்ல இடம். ஆனால் செம்பனை வரிசையின் ஓரத்தில் நிற்காதீர்கள். மரங்களைத் தாண்டி இறங்கும் காற்று அங்கே சுழலும். பனை உச்சியில் மட்டைகளுக்குள் சிக்கியதை எடுக்க, குலை அறுக்கும் தொழிலாளியின் நீண்ட அரிவாள் தடியைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். நடுத்திடலில், வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, திடல் தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்திடமும், பள்ளிக்குச் சொந்தமானால் தலைமையாசிரியரிடமும் நேரில் போய்க் கேளுங்கள். சிறிய ஹெலிகாப்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நாட்டின் வான் போக்குவரத்தைக் கவனிப்பது மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையம். விமான நிலைய எல்லைக்குள்ளும் 400 அடிக்கு மேலும் அதன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. பழகுபவரின் ஹெலிகாப்டர் பத்தடியைத் தாண்டத் தேவையில்லை. கோயில் திருவிழா நாள்களில் திடலில் கூட்டம் சேரும் என்பதால், அன்று பறக்கவிடாமல் பேட்டரிகளை 3.8 வோல்ட்டிலேயே வைத்திருங்கள்.