நெட் தேறிய பிறகு வேலையா, ஆய்வா?

எம்.ஏ. வரலாறு முடித்து 27 வயதில் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேறியாச்சு, ஜே.ஆர்.எஃப். (அதே தேர்வின் வழியே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை, தனியார் கல்லூரி வேலையா, முனைவர் ஆய்வா என்று கேட்டிருந்தீர்கள்.

வேலையில் சேருங்கள் தம்பி. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் போதும். ஆனால் ஜே.ஆர்.எஃப். முயற்சியை விடாதீர்கள். பொதுப்பிரிவில் வயது வரம்பு 30, மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வந்தால் ஆவணக் காப்பகத்தில் நிம்மதியாக உட்காரலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நான் கழித்த மாணவ நாட்கள்தான் இன்றும் என் வகுப்புகளுக்குச் சோறு போடுகின்றன.

அப்புறம், ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரை முடிவு செய்யும்முன் அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். அத்தியாயங்களைப் படித்துத் திருத்தித் தந்தாரா என்று கட்டாயம் கேளுங்கள்.