வரப்போகும் கேம்களின் ரிலீஸ் தேதி பார்க்க நம்பகமான கருவி எது?

கணினி கேம் கடையான ஸ்டீமில் மட்டும் விளையாடுபவர் என்றால் வேறு எதுவும் தேடாதீர்கள், அதன் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டால் கேம் வந்ததும் மின்னஞ்சல் வரும். பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஐஜிடிபி. கேம் நேரலைத் தளமான ட்விட்ச் 2019இல் வாங்கிய கேம் தரவுத்தளம் அது. தளத்திலேயே பார்க்கலாம்; கொஞ்சம் பைதான் நிரல்மொழி தெரிந்தால் அதன் ஏபிஐயை (நம் நிரல் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வழி) வைத்து நமக்கென்று ஒரு சின்னக் கருவியும் செய்துகொள்ளலாம், வணிகத்துக்கு இல்லையென்றால் இலவசம்.

நான் அப்படிச் செய்ததற்குக் காரணம் என் தம்பி. திருகோணமலையில் எங்கள் வீட்டில் இருப்பது சிம் போட்ட ரவுட்டர், 80 ஜிபி இறக்க வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாதான் ஒரே வழி. ஒரு செயலியில் டிசம்பர் 31 என்று பார்த்துவிட்டு அந்த மாத இரவு டேட்டா முழுவதையும் தொடாமல் வைத்திருந்தான், உவர்மலையில் இருக்கும் நண்பர்களையும் அன்றைக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தான். கேம் வரவேயில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை.

பிறகு தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வருடத்தை மட்டும் அறிவித்த கேமுக்கும் தரவுத்தளத்தில் ஏதோ ஒரு நாளை எழுதியாக வேண்டும், அதனால் வருடத்தின் கடைசி நாளை எழுதி வைக்கிறார்கள். ஐஜிடிபியில் அந்தத் தேதி முழுத் தேதியா, மாதம் மட்டுமா, காலாண்டா, வருடமா என்று சொல்வதற்கு வேறொரு புலமே இருக்கிறது, அதைப் பார்க்காமல் தேதியை மட்டும் எடுத்துக் காட்டும் எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம். என் கருவி முழுத் தேதி உள்ளவற்றை மட்டும் தேதியோடு காட்டும், மற்றதற்கெல்லாம் வருடம் அல்லது மாதம், அவ்வளவுதான்.

நீங்களும் செய்வதென்றால் சில விஷயங்கள். ட்விட்ச் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டால்தான் ஏபிஐக்கான சாவி கிடைக்கும். எண்ணிக்கை சொல்லாமல் கேட்டால் 10 கேம்தான் வரும், 500 வரை கேட்கலாம். நொடிக்கு 4 கோரிக்கைக்கு மேல் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கன்சோலுக்கும் பிராந்தியத்துக்கும் தனி வரி என்பதால் ஒரே கேம் பல தடவை வரும், சேர்த்துவிடுங்கள்.

நேரத்தையும் மறக்காதீர்கள். சில்க்சாங் என்ற கேம் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது, ஆனால் இலங்கையில் அப்போது இரவு 7:30. நள்ளிரவு என்று நினைத்துக் காத்திருந்தவருக்கு கிட்டத்தட்ட ஒரு நாளே வீண்.

அப்புறம், தள்ளிப்போவது. சைபர்பங்க் 2077 கேமை முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள், அது செப்டம்பர் 17 ஆகி, நவம்பர் 19 ஆகி, கடைசியில் டிசம்பர் 10 அன்றுதான் வந்தது. அதனால் போன வாரத் தேதியை ஒரு கோப்பில் வைத்து, மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சொல்லும்படி செய்திருக்கிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஞாயிறு காலையில் டெலிகிராமுக்கு வந்துவிடும், தம்பி அதைப் பார்த்த பிறகுதான் டேட்டா போடுகிறான்.