ஆட்டிசம்: காந்தத் தூண்டலால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் இருக்கிறது. ஓரிரு சொற்கள்தான் பேசுகிறான். தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டினால் பேச்சு வந்துவிடும், அறுவை சிகிச்சையோ மயக்க மருந்தோ வேண்டாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பேச்சு வந்துவிடும் என்று உறுதி சொல்ல இன்று யாரிடமும் ஆதாரம் இல்லை.

நீங்கள் கேட்பது டிஎம்எஸ் (TMS) எனப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சை. பெரியவர்களின் மனச்சோர்வுக்கு இதை 2008-லேயே அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு அனுமதித்தது. ஆட்டிசத்துக்கு அந்த அனுமதி இல்லை. தலை வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் டிடிசிஎஸ் (tDCS) முறைக்கும் ஆட்டிசத்துக்கான அனுமதி இல்லை. அந்தக் கருவியை நீங்களே வாங்கி வீட்டில் முயல வேண்டாம்.

ஆய்வுகள் நடக்கின்றன. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வதும் எரிச்சலும் குறைந்ததாகச் சிலவற்றில் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். நல்ல ஆய்வில் பாதிக் குழந்தைகளுக்குப் போலித் தூண்டல்தான் கொடுப்பார்கள்; கருவி சத்தம் போடும், மூளைக்கு ஒன்றும் போகாது. அந்தக் குழந்தைகளிடமும் முன்னேற்றம் தெரிவதாகப் பெற்றோர் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை வளர்கிறது, பயிற்சியும் தொடர்கிறது, நாமும் ஆசையோடு கவனிக்கிறோம். அதனால் போலித் தூண்டலோடு ஒப்பிடாமல் காட்டும் 'முன்பு, பின்பு' வீடியோக்களை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பக்க விளைவு பெரும்பாலும் தலைவலியோடு நின்றுவிடும். அபூர்வமாக வலிப்பு வரலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், டிஎம்எஸ் கருவி ஒவ்வொரு காந்தத் துடிப்புக்கும் 'டக் டக்' என்று சத்தம் போடும், உச்சந்தலையில் தட்டுவது போலிருக்கும். காதடைப்பான் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். திடீர்ச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வு என்றால் யோசிக்கலாம். அதிலும் அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறதா, தலையிலோ காதிலோ உலோகக் கருவி இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார்களா பாருங்கள். அவன் வேண்டாம் என்று காட்டினால் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவன் நினைப்பதைச் சொல்ல உதவும் பட அட்டை, பேசும் செயலி போன்றவற்றை ஆரம்பித்தாயிற்றா? இவற்றால் பேச்சு நின்றுபோகும் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அடுத்த முறை இதைக் கேளுங்கள். செவித்திறன் சோதனை இதுவரை செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.