பழைய மோட்டாரின் கெப்பாசிட்டரில் எழுத்து அழிந்துவிட்டால் புதியதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எழுத்து அழிந்துபோன கெப்பாசிட்டருக்குப் பதிலாக, அதே பருமனுள்ள புதியது ஒன்றைப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தக் கூடாது. எண்ணெயில் ஊறிய காகிதத்தால் ஆன பழைய கெப்பாசிட்டரின் மதிப்பை (மைக்ரோஃபாரட் என்னும் அலகில் சொல்லப்படும் மின்தேக்கும் திறனை), இன்றைய பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் படலம் மிகச் சிறிய உருளைக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே பருமனைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

உங்கள் சிங்கிள் பேஸ் மோட்டாரில் இருக்கும் கெப்பாசிட்டர், மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டிங் வகையா, ஓடும்போதும் உதவும் ரன்னிங் வகையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 80 மைக்ரோஃபாரட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரோலைடிக் வகை; மோட்டார் வேகம் பிடித்தவுடன், சுழற்சியின் விசையால் இயங்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். ரன்னிங் கெப்பாசிட்டரோ மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் மின்சுற்றில் இருப்பதால், சில மைக்ரோஃபாரட் முதல் சில பத்து மைக்ரோஃபாரட் வரையிலான படல வகையாகவே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஸ்டார்ட்டிங் வகையைப் போட்டால் அது சூடேறி வெடித்துவிடும்.

வோல்டேஜ் விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். 230 வோல்ட் மோட்டாருக்கு 250 வோல்ட் ரன்னிங் கெப்பாசிட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் ஓடும் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் (கெப்பாசிட்டரோடு இணைந்த துணைச் சுருளில்) தூண்டப்படும் மின்னழுத்தமும் சேர்வதால், கெப்பாசிட்டரின் முனைகளுக்கிடையே மெயின்ஸ் அழுத்தத்தைவிடக் கணிசமாக அதிகமான வோல்டேஜ் நிற்கும். இதனால்தான் 440 அல்லது 450 வோல்ட் ஏசி என்று குறித்தவற்றைப் பயன்படுத்துகிறோம். வோல்டேஜ் கூடுதலாக இருப்பதில் தீங்கில்லை. குறைவாக இருக்கவே கூடாது.

மைக்ரோஃபாரட் மதிப்புக்கு அப்படிப்பட்ட சலுகை கிடையாது. ரன்னிங் கெப்பாசிட்டரின் மதிப்பைக் கூட்டினால் மோட்டார் பலம் பெறும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் மின்னோட்டம் மிகுந்து, அதிர்வும் இரைச்சலும் கூடி, வைண்டிங் கம்பியின் மின்காப்புப் பூச்சு மெல்ல மெல்லக் கருகத் தொடங்கும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் மதிப்பு பொறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தகட்டிலும் இல்லாமல், பழைய கெப்பாசிட்டர் இன்னும் வேலை செய்தால், மோட்டார் ஓடும்போது அதன் வழியே செல்லும் ஆம்பியரை 3183 ஆல் பெருக்கி, அதன் முனைகளுக்கிடையே உள்ள வோல்டேஜால் வகுங்கள்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வரும் விடையே மைக்ரோஃபாரட். 350 வோல்ட்டில் 1.76 ஆம்பியர் ஓடினால் அது 16 மைக்ரோஃபாரட். படலம் முதுமையில் மதிப்பை இழக்கும் என்பதால், விடை 14.5 என்று வந்தால் 15 அல்லது 16 இலிருந்து தொடங்கி, வழக்கமான சுமையில் மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் தகட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் இருக்கிறதா, வைண்டிங் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பாருங்கள். சரியான மதிப்பு ஒரே கெப்பாசிட்டரில் கிடைக்காவிட்டால், இரண்டை இணையாக இணைத்து மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

பழுதானது ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் என்றால், புதியதைப் பொருத்துமுன் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள். அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் புதியதும் விரைவிலேயே வெடிக்கும். கழற்றும்போது, மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்ட பின்னரே தொடுங்கள். 1970களிலும் அதற்கு முன்பும் செய்யப்பட்ட எண்ணெய்க் கெப்பாசிட்டர் பலவற்றில் பிசிபி என்னும் நச்சுத் திரவம் உண்டு; கசிவு தெரிந்தால் வெறுங்கையால் தொடாமல், அபாயகரமான கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.