நாலு தடவை படித்தும் நிற்கவில்லையா? புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் பையனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, பயாலஜி குரூப். ராத்திரி பதினொரு மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான், ஆனால் காலாண்டுத் தேர்வில் உயிரியலில் பாதி மார்க்கைக்கூடத் தொடவில்லை. "படிக்கிறான் சார், மண்டையில நிக்கமாட்டேங்குது" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காட்பாடியில் இருக்கும் சித்தப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறாராம்: பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் ஒரு வருஷம் ஹாஸ்டலோடு நீட் கோச்சிங்கில் போட்டுவிடலாம், அரைக் காணி நிலத்தை அடமானம் வைத்தால் பணம் புரண்டுவிடும்.

பயப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். நிலம் என்ற பேச்சு வந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன்: நிலத்தைத் தொடாதீர்கள். பையனுக்கு மூளை குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை, படிக்கிற விதம்தான் தப்பு. அதே விதத்தோடு ஹாஸ்டலுக்குப் போனால் அங்கேயும் இதேதான் நடக்கும், என்ன, லட்சக்கணக்கில் கடனும் கூடவே வரும்.

ஊர் நடுவில் சிஎம்சி மருத்துவமனை இருப்பதால் வேலூர்க்காரர்களுக்கு டாக்டர் ஆசை வருவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் பையன் என்னிடம் பேசியது முழுக்க அவர்கள் கொல்லையில் விளையும் முள்ளு கத்திரிக்காயைப் பற்றித்தான். நம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது அவனுக்குத் தெரிந்திருந்தது, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அப்பாவோடு போயும் வந்திருக்கிறான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு அங்கேயும் அவனுக்கு உண்டு. அதனால் அவனுக்கு வேண்டியது கோச்சிங் இல்லை, கையில் இருக்கிற பாடப்புத்தகம்தான். அதை மனதில் நிறுத்தத் தெரிந்தால் போதும்.

அவன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டேன். ஒரு பாடத்தை நாலு தடவை வாசிப்பானாம், முக்கியமான வரிகளில் மஞ்சள் பேனா ஓட்டுவானாம். பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் படிக்கிறார்கள், பெற்றோரும் இதைப் பார்த்துத்தான் திருப்திப்படுகிறோம். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன, பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது, கேள்வித்தாளில் அந்த வரி இல்லாதபோதுதான் உண்மை தெரிகிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நாலு முறை படித்தவர்கள் ஒரு குழு, ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

அதனால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். பாடம் முழுவதையும் எடுக்காதே, ஒரே ஒரு தலைப்பை எடு. பூக்கும் தாவரங்களில் நடக்கும் இரட்டைக் கருவுறுதல் என்று வைத்துக்கொள். முதலில் பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளைப் பார், எதைத் தேடி வாசிக்கிறோம் என்று தெரியும். ஒரு முறை நிதானமாக வாசி, புத்தகத்தை மூடு, ரஃப் நோட்டில் வருவதை எழுது: மகரந்தக்குழாய் எங்கே போகிறது, இரண்டு ஆண் கேமீட்டில் எது அண்டத்தோடு சேருகிறது, இன்னொன்று எதோடு சேருகிறது, கருவூண் (விதைக்குள் கருவுக்கு உணவாகும் திசு) ஏன் மும்மடியம், அதாவது ஏன் அதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள். படத்தையும் பார்க்காமல் வரை, பாகங்களைக் குறி. வரவில்லை என்றால் உடனே புத்தகத்தைத் திறக்காதே, ரெண்டு நிமிஷம் முட்டி மோது, அந்த முயற்சியில்தான் நினைவு பலப்படுகிறது. அப்புறம் திறந்து, விட்டதை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுது. நாளைக்குப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகள்தான்.

அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதே தலைப்பை இன்னொரு முறை எழுத வேண்டும். பிறகு மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு, மாதக் கடைசியில். இடைவெளியில் கொஞ்சம் மறந்திருக்கும், மறந்ததை இழுத்துக்கொண்டு வரும்போதுதான் அது ஆழமாகப் பதியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, அந்த ஆறு மணி நேரத்தைப் பல நாளுக்குப் பிரித்துக்கொள்வது நல்லது. தூக்கத்தைக் குறைக்கவே கூடாது, பதினொன்றுக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு அலாரம் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

உயிரியலில் எழுத்துத் தேர்வு 70 மார்க், தாவரவியலும் விலங்கியலும் ஆளுக்கு 35. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகாமல் இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பது நல்லது.

பெற்றோருக்கு ஒன்று. முதல் ரெண்டு வாரம் அந்த ரஃப் நோட்டைப் பார்த்தால் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும், பாதிப் பக்கம் காலியாக இருக்கும், மீதி சிவப்பாக இருக்கும். திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் நாலு தடவை முடித்துவிட்டாள் என்று ஒப்பிடவும் வேண்டாம். முடிந்தால் ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து, "இன்னிக்குப் படிச்சத எனக்குச் சொல்லுடா" என்று கேளுங்கள். உங்களுக்கு உயிரியல் தெரிய வேண்டியதில்லை, அவன் எங்கே தடுமாறுகிறான் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

சித்தப்பா மறுபடியும் கேட்பார். அரையாண்டு மார்க் வரட்டும், அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கட்டப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். அப்போதும் அவன் வேளாண்மைதான் படிப்பேன் என்றால், அந்த விண்ணப்பத்தைத்தான் போட வேண்டும்.