கையெழுத்திடாதவர்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற மாதம் இப்பகுதியில் மரபணுத் திருத்தம் ஆபத்து என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சீனாவில் மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்கச் செய்த விஞ்ஞானிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது என்று பத்தாம் வகுப்பில் சொன்னேன். "எய்ட்ஸ் வராமல் தடுக்கத்தானே செய்தார், அதற்கு ஏன் மிஸ் ஜெயில்?" என்று ஒரு மாணவி கேட்டாள். என் பதில் எனக்கே திருப்தியாக இல்லை.
– உயிரியல் ஆசிரியை, தேனி

பதில்: உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. பல பேராசிரியர்கள் "இயற்கைக்கு விரோதம்" என்ற ஒரே சொல்லில் இதைக் கடந்துபோனார்கள், அது பதிலாகாது. கண்புரை அறுவையும் இயற்கைக்கு விரோதம்தான்.

நடந்ததை முதலில் பார்ப்போம். தன்னைத் தாக்கும் வைரசை அடையாளம் கண்டு வெட்டுவதற்குப் பாக்டீரியா வைத்திருக்கும் ஏற்பாட்டை, நாம் விரும்பும் இடத்தில் மரபணுவை வெட்டும் கருவியாக மாற்றலாம் என்று இமானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2012-இல் காட்டினார்கள். அதற்குப் பெயர் கிரிஸ்பர். 2020-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில், 2018 நவம்பரில் மனித மரபணுத் திருத்தம் குறித்த பன்னாட்டு மாநாடு ஹாங்காங்கில் கூடவிருந்த வாரத்தில், ஷென்சென் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. வைரஸ் நம் ரத்த வெள்ளணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று சி.சி.ஆர்.5 என்ற புரதம். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில், அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் இரு பிரதிகளிலும் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) 32 எழுத்துகள் இல்லாமலே பிறக்கிறார்கள், அவர்களுக்கு எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதில்லை. அந்தக் குறையைச் செயற்கையாக உண்டாக்குவதே ஹேயின் திட்டம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தம்பதியரில் தந்தைக்கு மட்டுமே எச்.ஐ.வி. இருந்தது. விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தெடுத்துக் கருத்தரிக்கச் செய்தால் குழந்தைக்குத் தந்தையிடமிருந்து தொற்று வராது. இது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள முறை, ஹேயும் அதைச் செய்தே இருக்கிறார். அப்படியானால் மரபணுவைத் திருத்தியது எந்த நோயைத் தடுக்க? அந்தக் குழந்தைகள் வளர்ந்து, என்றோ ஒருநாள், வேறெங்கிருந்தோ வரக்கூடிய தொற்றைத் தடுக்க. அதற்கு ஏற்கெனவே எளிய வழிகள் பல இருக்கின்றன. நோயே இல்லாத கருவின் மீது, தேவையே இல்லாத ஒரு வெட்டு நடந்திருக்கிறது.

வெட்டும் திட்டமிட்டபடி விழவில்லை. ஒரு குழந்தைக்கு மரபணுவின் இரு பிரதிகளும் மாறின. மற்றவளுக்கு ஒன்று மட்டுமே மாறியது, ஆகவே தொற்றைத் தடுக்கும் பாதுகாப்பு அவளுக்கு இல்லை. இருவரிடமும் உண்டான மாற்றம் அந்த இயற்கையான 32 எழுத்துக் குறையும் அன்று. அதற்குமுன் எந்த மனிதரிடமும் ஆராயப்படாத புதிய மாற்றங்கள். அந்தப் புரதத்துக்கு உடலில் வேறு வேலைகளும் உண்டு: அது இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்குகிறது. கருவைத் தாயின் வயிற்றில் வைப்பதற்கு முன்பே பரிசோதனை முடிவுகள் ஹேயிடம் இருந்தன. பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் வகுப்பில் சொல்லுங்கள். 23 பக்கம். தலைப்பு, எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம். தடுப்பூசி என்றால் நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வரும்? புஜத்தில் ஒரு குத்து, இரண்டு நாள் வலி. கருவின் மரபணுவை மாற்றப்போகிறோம், அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் போகும் என்ற செய்தியை அந்தத் தலைப்பு மறைத்துவிடுகிறது. அங்கே எச்.ஐ.வி. உள்ள தம்பதியருக்குச் செயற்கைக் கருத்தரிப்பு எளிதில் கிடைக்காத நிலையில், வேறு வாசல் இல்லாதவர்களிடம் நீட்டப்பட்ட காகிதம் அது. அவர்களாவது கையெழுத்திட்டார்கள். மாற்றத்தை உடம்பில் சுமக்கப்போகும் குழந்தைகளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. கேட்க முடியாது என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்பதுதான் இதில் என் கட்சி.

கேள்வி: எங்கள் பகுதிப் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருகிறேன். இந்த நோய்க்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்று ஒரு தாய் செய்தியில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். நீங்களோ சென்ற மாதம் அதை ஆபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் நான் எதைச் சொல்வது?
– சுகாதாரப் பணியாளர், கூடலூர்

பதில்: சென்ற மாதம் நான் அவசரத்தில் இரண்டு வேறு விஷயங்களை ஒரே வரியில் போட்டுவிட்டேன், தவறு என்னுடையது. அந்தத் தாய் கேட்ட செய்தி உண்மை.

ஷென்சென்னில் திருத்தியது கருவை. ஆகவே உடம்பின் எல்லாச் செல்களும் மாறும், சந்ததிக்கும் அது போகும். நீங்கள் குறிப்பிடும் சிகிச்சையில் திருத்துவது, ஏற்கெனவே பிறந்து நோயால் அவதிப்படும் ஒருவருடைய ரத்தம் உற்பத்தியாகும் மூலச்செல்களை மட்டும். அது அவரோடு முடிந்துவிடும். கருவில் இருக்கும்போது நம் எல்லாரிடமும் வேறு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த பிறகு உடல் அதை அணைத்துவிடுகிறது. அணைத்து வைத்திருக்கும் அந்தச் சுவிட்சைக் கிரிஸ்பரால் வெட்டினால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது, ரத்த அணுக்கள் அரிவாளாக வளைவது குறைகிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. வருடம் முழுவதும் வலியில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்தத் தாயிடம் முழுவதையும் சொல்லுங்கள். திருத்திய செல்களுக்கு இடம் பண்ணுவதற்காக, எலும்பு மஜ்ஜையில் இருப்பதைக் கடுமையான மருந்து கொடுத்துத் துடைத்தெடுக்க வேண்டும். வாரக்கணக்கில் தனியறையில் இருக்க வேண்டும். பின்னாளில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர், அதாவது நம் கணக்கில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கும் மேல். நம் நாட்டிலேயே குறைந்த செலவில் இதைச் செய்ய டெல்லியிலுள்ள மரபணுவியல் ஆய்வு நிறுவனம் முயன்றுவருகிறது.

இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே உங்கள் நீலகிரியில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூலை முதல் தேதி, 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்த மலைக் குடும்பங்களுக்குக் குறைந்திருந்தது கிரிஸ்பர் அன்று; இந்நோயின் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும், மாதம் தவறாத ரத்தப் பரிசோதனையும், ஒழுங்காக ஓடும் ஒரு பஸ்ஸும்தான். பெரிய கருவி வரும்போது சிறிய மாத்திரையை மறந்துவிடுவது நம் வழக்கம். இன்னொன்று: பரிசோதனைக்குப் பின் கொடுக்கப்படும் அட்டை, திருமணத்துக்கு முன் இருவரும் ஆலோசனை பெறுவதற்கானது. அதைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கும் நிலை வந்தால், நோய்க்கூறை மட்டும் தாங்கி நலமாக இருக்கும் பெண் ஒதுக்கப்படுவாள். இது எதிர்காலத் தொழில்நுட்பத்தின் ஆபத்து அன்று. லேமினேட் செய்த ஓர் அட்டையின் ஆபத்து. உங்களைப் போல் வீடு ஏறிப் போகிறவர்கள்தான் இதைத் தடுக்க முடியும்.

கேள்வி: பெயர் வேண்டாம். எட்டு வருடமாகக் குழந்தை இல்லை. நாங்கள் போகும் கருத்தரிப்பு மையத்தில், உண்டாகும் கருக்களைச் சோதித்து "நல்லதாக" ஒன்றைத் தேர்ந்து வைக்கலாம் என்கிறார்கள். புத்திசாலித்தனம் வரை பார்க்கும் சோதனை வெளிநாட்டில் உண்டாம். ஆசைப்படுவது தவறா?
– ஒரு வாசகி

பதில்: ஆசையில் தவறே இல்லை, அம்மா. எட்டு வருடம் காத்திருந்தவரிடம் நீதி பேச எனக்குத் தகுதியும் இல்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

குரோமோசோம் கோளாறு, தலசீமியா போன்ற ரத்த நோய், பாலினத்தோடு சேர்ந்து வரும் மரபு நோய் எனச் சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்காகக் கருவைச் சோதிக்க அனுமதி உண்டு. குடும்பத்தில் அப்படி ஒரு நோய் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால், அந்த "நல்லது" எந்த நோயைப் பற்றியது, ஏன் உங்களுக்குத் தேவை என்பதை எழுத்தில் கேளுங்கள். புத்திசாலித்தனம் ஒரு மரபணுவில் இல்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் சிதறி, வளர்ப்பு, உணவு, பள்ளிக்கூடம் எல்லாவற்றோடும் பிணைந்து கிடக்கிறது. நான்கைந்து கருக்களுக்கு நடுவே அதை அளந்து தருவதாகச் சொல்வது ஆரூடத்துக்குப் பக்கத்தில் வருகிற வேலை.

"கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனக் கூறுவது சட்டப்படி குற்றம்" என்ற பலகையை எல்லா ஸ்கேன் சென்டரிலும் பார்த்திருப்பீர்கள். அது ஏன் வந்தது? பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் முறை 1970-களில் நம் நாட்டுக்கு வந்தது, மரபுக் கோளாறுகளைக் கண்டறிவதற்காக. சில வருடங்களில் அது பெண் கருவைக் கண்டறிவதற்காக என்று ஆகிப்போனது. பிறகு ஸ்கேன் வந்து அந்த வேலையை மலிவாக்கியது. 1994-இல் சட்டம் வந்தது. ஆனாலும் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001-இல் 927 ஆகக் குறைந்தார்கள். எந்தக் கொடியவனும் வந்து இதைச் செய்யவில்லை. சாதாரணக் குடும்பங்கள், பட்டம் பெற்ற மருத்துவர்கள், அறைக்குள் தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். நிறம், உயரம், மதிப்பெண் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை.

கேள்வி: திருத்தப்பட்ட நெல் ரகங்களும் இதே வகைதானா? பயிரிடலாமா?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கருவி ஒன்று, சங்கதி வேறு. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரு ரகங்களில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்தது. வேற்று உயிரின் மரபணு அவற்றில் இல்லை என்பதால் 2022-ஆம் ஆண்டு விதித் தளர்வின்படி மரபணு மாற்றுப் பயிருக்கான கெடுபிடி இவற்றுக்கு இல்லை. நெல்லின் ஒப்புதலைக் கேட்க வேண்டியதில்லை. விதைக்கிறவரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். கருவியின் காப்புரிமை யாரிடம், அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்ற இரண்டையும் வேளாண் அலுவலரிடம் எழுதிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: விஞ்ஞானிகள் தாங்களே கூடிப் பேசி ஆபத்தான ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ள முடியாதா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருநெல்வேலி

பதில்: ஒருமுறை செய்திருக்கிறார்கள். ஓர் உயிரின் மரபணுவை இன்னோர் உயிரில் ஒட்டும் வித்தை கைக்கு வந்தபோது, அமெரிக்க விஞ்ஞானி பால் பெர்க் முதலானோர் 1974-இல் சில சோதனைகளைத் தாங்களாகவே நிறுத்திவைத்தார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் ஏறக்குறைய 140 பேர் கூடிப் பாதுகாப்பு விதிகளை வகுத்த பிறகே தொடர்ந்தார்கள். ஆனால் அங்கே பேசியது ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி வெளியேறுவதைப் பற்றி மட்டும். உயிரி ஆயுதத்தையும், மனித மரபணுவில் கைவைப்பதையும் பேசுவதில்லை என்று முன்பே ஒதுக்கிவிட்டார்கள். கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே துறைக்காரர்கள்.

அதன் பின் பணம் உள்ளே வந்தது. 1999-இல் பென்சில்வேனியாவில், மரபு நோய் ஒன்று இருந்தும் மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஓரளவு நலமாக இருந்த 18 வயது இளைஞர் ஒருவர், தன்னைப்போன்ற நோயோடு பிறக்கும் சிசுக்களுக்கு உதவும் என்று மரபணு சிகிச்சைச் சோதனைக்கு முன்வந்து, நான்கு நாளில் இறந்துபோனார். சோதனையை நடத்திய ஆய்வாளருக்கு அதே துறையில் ஒரு நிறுவனத்தில் பங்கு இருந்தது. நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர், 2018 ஹாங்காங் மாநாட்டில், விஞ்ஞானிகளின் சுயகட்டுப்பாடு தோற்றுவிட்டது என்றே சொன்னார். அவர் அசிலோமரிலும் இருந்தவர்.

கேள்வி: ஹே ஜியான்குய் செய்தது போன்ற செயலுக்கு இந்தியாவில் என்ன தண்டனை?
– சட்டக் கல்லூரி மாணவர், கோவை

பதில்: திருத்திய கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. ஆனால் அவை நெறிகள். இதற்கென்று தனிக் குற்றப்பிரிவு நம்மிடம் இல்லை. சீனாவிலும் அன்று இல்லை. ஆகவே 2019 டிசம்பர் 30-ஆம் தேதி ஹேக்கு மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்த நீதிமன்றம், சட்டவிரோதமாக மருத்துவத் தொழில் செய்தார் என்ற பிரிவில்தான் விதித்தது. உங்கள் மொழியில் சொன்னால், போலி டாக்டர் வழக்கு. 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் சீனா இதற்கு ஏழாண்டு வரை தண்டனை வைத்தது. நீங்கள் படித்து முடித்து வருவதற்குள் நம்மிடமும் வந்தால் நல்லது.

கேள்வி: அந்தக் குழந்தைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற செவிலியர், காரைக்குடி

பதில்: இத்தனை கடிதங்களில் இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். இரட்டையர் பள்ளிக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள். 2019-இல் வேறொரு தம்பதிக்கு மூன்றாவது குழந்தையும் பிறந்தது. மூவரும் நலம் என்று ஹே சொல்லிவருகிறார்; அவர் 2022-இலேயே விடுதலையாகிவிட்டார். வெளியார் எவரும் சோதித்து அதை உறுதிப்படுத்தவில்லை. அவர்களைக் காலமெல்லாம் கண்காணித்துச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சீனாவின் அறவியல் அறிஞர்கள் இருவர் கேட்டார்கள். ஆயுள் முழுக்க ரத்தம் எடுத்துக்கொண்டும் குறிப்பெழுதிக்கொண்டும் இருந்தால் அவர்கள் எப்போது சாதாரணப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. லுலு, நானா என்று உலகம் அவர்களைக் குறிப்பிடுகிறது; அவை அடையாளத்தை மறைக்க வைத்த பெயர்கள். வீட்டில் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது வெளியே தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.