சக்கரம் இறங்காவிட்டால் விமானி என்ன செய்வார்?

கேள்வி: என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் மாமியாரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். 2024 அக்டோபரில் இதே தடத்தில் போன விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியதை டிவியில் பார்த்தவர், 'நான் வரல' என்று அடம்பிடிக்கிறார். கோளாறு தெரிந்ததும் ஏன் உடனே இறக்கவில்லை? சக்கரமே இறங்காவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்று, அக்டோபர் 11 மாலை, அந்த போயிங் 737 கிளம்பியதுமே ஹைட்ராலிக் (சக்கரம் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு தெரிந்துவிட்டது. ஆனால் ஷார்ஜா வரை போவதற்கான எரிபொருள் முழுவதும் அப்படியே இருந்தது. 737-800 ரக விமானம் தன் எடையும் சேர்த்துச் சுமார் 79 டன் வரை இருந்தால் மேலேறலாம். இறங்கும்போது 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி உண்டு. 737-லும் ஏர்பஸ் ஏ320-லும் அது கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு இரண்டரை டன் போலக் குறையும். தீப்பிடித்தது போன்ற அவசரம் என்றால் எடையெல்லாம் பார்க்காமல் உடனே இறக்கிவிடுவார்கள். ஆக, ஒரு விமானம் நிதானமாக வட்டமடிக்கிறது என்றால் விமானிகள் கையில் நேரம் இருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். அன்றும் வழக்கம்போலச் சக்கரங்களில்தான் இறங்கினார்கள்.

இனி சக்கரம். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் அதை மடக்குகிறது, இறக்குகிறது. இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானி அறையில் மூன்று பச்சை விளக்கு எரியும். ஒன்று எரியவில்லை என்றால் இறங்குவதை நிறுத்திவிட்டு மேலே போய், ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் கையேட்டை எடுத்து வரிவரியாகப் படித்துச் செய்வார். எண்ணெய் அழுத்தம் போயிருந்தால் அதற்கும் வழி உண்டு. 737-ல் துணை விமானியின் இருக்கையை ஒட்டித் தரையில் ஒரு சின்ன மூடி. திறந்தால் மூன்று கைப்பிடிகள். ஒவ்வொன்றாக இழுத்தால் மேலே மாட்டியிருக்கும் கொக்கி விடுபட்டு, சக்கரம் தன் எடையிலேயே கீழே விழும். முன்சக்கரம் முன்பக்கமாக மடங்குவது என்பதால் எதிர்க்காற்றே அதைத் தள்ளி நிறுத்திவிடும். ஏ320-ல் இதே வேலைக்கு ஒரு கைச்சுழலி, மூன்று சுற்று. இப்படி இறக்கினால் ஏ320-ல் முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. அதனால் ஓடுபாதையிலேயே நின்றுவிடுவார்கள். வண்டி வந்து இழுத்துப் போகும். சுற்றிலும் தீயணைப்பு வண்டிகளைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் பதறுவது இந்த நேரத்தில்தான். அவை முன்கூட்டியே வரவழைக்கப்பட்டவை.

அதற்கும் மசியாவிட்டால்? 2011 நவம்பர் 1 அன்று நியூவார்க்கிலிருந்து வார்சா வந்த போலந்து நாட்டு போயிங் 767-ல் அதுதான் நடந்தது. ஹைட்ராலிக் போனது, மாற்று வழியிலும் சக்கரம் இறங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினார்கள், போர் விமானம் பக்கத்தில் வந்து அடிப்பகுதியைப் பார்த்துச் சொன்னது. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா வயிற்றாலேயே இறக்கினார். 231 பேரில் ஒருவருக்கும் பெரிய காயமில்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து வெளியே துருத்தியிருந்த ஒரு சர்க்யூட் பிரேக்கர் பொத்தானை அழுத்தியதும் சக்கரம் சாதுவாக இறங்கியது!

இதை வைத்து, வயிற்றால் இறங்குவது சாதாரணம் என்றும் சொல்லமாட்டேன். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் ஒரு 737-800 சக்கரமில்லாமல் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கி, ஆன்டெனாக்களைத் தாங்கிய கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். பறவை மோதி நான்கைந்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வார்சாவில் கிடைத்த அவகாசம் இங்கே இல்லை.

அவகாசம் கிடைத்தும் கோட்டைவிட்ட கதையும் உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில், சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடியே ஒரு மணி நேரம் சுற்றிய டிசி-8 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று விமானி அறையிலேயே இருந்த எஞ்சினியர் சொன்னது கேப்டன் மனதில் ஏறவே இல்லை. 10 பேர் பலி. கேப்டனிடமே அழுத்திச் சொல்லப் பழக்கும் இன்றைய குழுப் பயிற்சி வேரூன்றியதற்கு இந்த விபத்து முக்கியக் காரணம். என்னைக் கேட்டால், சக்கரத்தைவிட விமானியின் கவனம் சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து.

உங்கள் வேலை கொஞ்சம்தான். உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புகையில் கண் தெரியாது. குனியச் சொன்னால், சொன்னபடி குனிந்து, விமானம் முழுவதும் நிற்கும்வரை எழாதீர்கள். கதவை நீங்களாகத் திறக்காதீர்கள். முன்சக்கரம் மடங்கியிருந்தால் வால்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்கதவில் விரியும் அவசரச் சறுக்கு செங்குத்தாகத் தொங்கும். எந்தக் கதவு என்பதைப் பணிக்குழு பார்த்துச் சொல்லும். பை எடுக்க ஒருவர் மேல்தட்டைத் திறந்தால் பின்னால் வரிசையே நின்றுவிடும். மாமியாரின் பாஸ்போர்ட்டையும் மாத்திரையையும் கழுத்தில் மாட்டும் சிறு பையில் போட்டுவிடுங்கள். பைக்காக அவர் மனம் அலையாது.

மேலேறிய சில நொடிகளில் காலடியில் 'தடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சக்கரம் மடங்கிக் கதவு மூடும் சத்தம் அது. இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடியும் கேட்கும், கூடவே காற்றிரைச்சலும் கூடும். ஏறும் முன்பே மாமியாரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.